சாம்பாரும் செராமிக் கிளிப்பும்

வெளியே தெரியாத கிளிப் போட்டால் சாம்பார் பட்டு மஞ்சளாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னது முழுக்கச் சரியில்லை. பல்லில் ஒட்டியிருக்கும் செராமிக் துண்டு அவ்வளவு எளிதில் மஞ்சளாகாது. அதோடு கம்பியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான் மஞ்சளாகிறது. அந்த வளையத்தை மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவார்கள். இது தெரியாமல், "நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று பயந்து பல்லை அப்படியே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கிளிப் என்றாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாச்சாரம் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் முப்பது, நாற்பது வயதிலும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். சின்ன வயதில் வீட்டில் வசதி இருந்திருக்காது, அல்லது பல் வரிசையைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். சொந்தச் சம்பாத்தியம் வந்த பிறகு ஒருவர் தன் பல்லைச் சரிசெய்துகொள்ள நினைப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வகுப்பெடுப்பவருக்கும், கடையில் நின்று வியாபாரம் பேசுபவருக்கும், வங்கி கவுன்ட்டரில் உட்காருபவருக்கும் வாய் எப்போதும் எதிரில் இருப்பவர் கண்ணில் படுகிறது. அதனால் பல் நிறத்திலேயே இருக்கும் கிளிப்பைக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தேவை, முதல் மாதம் எப்படி இருக்கும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வது.

கிளிப் போட்ட பிறகு கண்ணாடி முன்னால் நின்று மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் நடுவிலும் பிராக்கெட் எனும் சிறு சதுரத் துண்டு ஒட்டியிருக்கும். அதன் நடுவில் ஒரு கீறல் போன்ற பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் கம்பி ஓடுகிறது. கம்பி வெளியே வந்துவிடாமல் பிராக்கெட்டின் நான்கு மூலைகளிலும் மாட்டி இழுத்துக் கட்டியிருப்பதுதான் முன்னே சொன்ன ரப்பர் வளையம். பெரும்பாலான செராமிக் பிராக்கெட்டுகள் அலுமினியம் ஆக்சைடால் ஆனவை. அதே பொருளை ஒற்றைப் படிகமாக வளர்த்துச் செய்தால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதைத்தான் சஃபையர் கிளிப் என்று விற்கிறார்கள். வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணைகளின் கருவிகளைக் காக்க ஆராய்ந்த ஒளி ஊடுருவும் செராமிக்தான் 1980களில் பல் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு கெட்டியான பொருள் அது.

அந்தக் கெட்டித்தன்மையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. செராமிக், பல்லின் எனாமலைவிடக் கடினமானது. மேல்வரிசைப் பல் கீழ்வரிசையை ஆழமாக மூடிக் கடிக்கும் அமைப்பு உள்ளவர்களுக்குக் கீழே செராமிக் ஒட்டினால், ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் மேல்பல்லின் நுனி அதில் பட்டுத் தேயும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதனால்தான் மேலே செராமிக், கீழே மெட்டல் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். காசு மிச்சம் பிடிக்கச் சொல்வதாக நினைத்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். சிரிக்கும்போது கீழ்வரிசை பொதுவாக மேல்வரிசை அளவுக்கு வெளியே தெரியாது.

ஒட்டும்போது வலிக்காது. பல்லில் ஒரு அமிலப் பசையைத் தடவி, கழுவி, உலர்த்தி, பசை வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைக்கிறார்கள். 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கும் வழியைச் சொன்ன பிறகுதான் இப்படி நேரடியாக ஒட்ட முடிந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை போட வேண்டியிருந்தது.

வலி சில மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும். பொதுவாக ஒரு நாள் ஆகும்போது உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு நாளில் இறங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். குத்தும் வலி அல்ல, அமுக்கும் வலி. இரண்டாம் நாள் காலையில் இட்லியைக் கடித்தால்கூடப் பல் முழுக்க ஆடுவது போலத் தோன்றும். ஏதோ தப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும் பக்கம் அந்தத் திசு நசுங்குகிறது, அங்கே எலும்பைக் கரைக்கும் செல்கள் வருகின்றன. எதிர்ப்பக்கம் திசு இழுபடுகிறது, அங்கே புது எலும்பு உருவாகிறது. கரைவதும் கட்டுவதும் சேர்ந்துதான் பல் நகர்கிறது. நன்றாக நகர்ந்தால் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு இந்த வேலை தொடங்க, பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும். நடப்பது அதேதான்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், பல் நகர உடம்பு சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையே குறைக்கக்கூடியவை. அதனால் அவற்றைத் தொடர்ந்து போட வேண்டாம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். குளிர்ந்த மோர் குடித்தால் சற்று நிம்மதி கிடைக்கும், அதற்கும் காரணம் உண்டு. ஆரம்ப மாதங்களில் போடும் கம்பி பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அதில் ஒரு வகை, குளிர்ச்சி பட்டால் தளர்ந்து, வாயின் சூட்டுக்கு வந்ததும் மறுபடி இறுகும். சுடச்சுட ரசம் குடித்ததும் பல் விண்ணென்று இழுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இனிச் சாப்பாடு. பெரியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் பிள்ளைகளுக்கு அம்மா பார்த்துப் பார்த்துப் போடுகிறாள். நமக்கு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைத் தவிர்த்து வாழ்வது எளிதல்ல. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. ரகங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கி எங்கெங்கோ விளைகின்றன. அந்த ஊர்க்காரருக்கு மல்லாட்டை கூடாது என்று சொல்ல மனசு வராது, சொல்லவும் தேவையில்லை. வறுத்ததும் கடலை மிட்டாயும்தான் கூடாது. தோலோடு உப்புப் போட்டு வேகவைத்த பச்சை மல்லாட்டை மெத்தென்றிருக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். அரைத்த மல்லாட்டைச் சட்னியும் அப்படியே. கரும்பு வேறு கதை. முண்டியம்பாக்கம், பெரியசெவலை பக்கம் ஆலைக் கரும்பு சூழ்ந்த ஊர்களில் முன்பல்லால் பட்டை உரித்துத் தின்பது கைவந்த பழக்கம். கிளிப் இருக்கும்வரை அதை மறந்துவிடுங்கள். ஒரு இழுப்பில் இரண்டு பிராக்கெட் பெயர்ந்துவிடும். பொங்கலுக்குத் துண்டு நறுக்கித் தந்தாலும் சக்கையின் நார் கம்பிக்குள் சிக்கி, எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாறு குடிக்கலாம், குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

முருங்கைக்காயைப் பல் நடுவில் வைத்து உருவுவதும் கரும்புக் கணக்கில் சேர்ந்ததுதான். காயைத் தட்டிலேயே பிளந்து, சதையைக் கரண்டியால் வழித்துச் சோற்றோடு பிசைந்துகொள்ளுங்கள். சீடை, முறுக்கு, தட்டை, மோர்மிளகாய், நல்லி எலும்பு, கொட்டையோடு மாம்பழம் எல்லாம் இதே வகை. முறுக்கை நொறுக்கிச் சூடான பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டால் யாரும் தடுக்கமாட்டார்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் முழுசாகக் கடிக்காமல் மெல்லிய கீற்றாக நறுக்கிப் பின்பல்லால் மெல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டாவைக் கையால் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சால்னாவில் நன்றாக ஊறவிட்ட பிறகு வாயில் போடுங்கள். கோடையில் இந்தப் பக்கத்துப் பனைமரங்கள் ஒரு பெரிய உதவி செய்கின்றன: நுங்கைவிட நல்ல உணவு, பல் வலிக்கும் வாரத்துக்கு, எனக்குத் தெரிந்து வேறில்லை. குளிர்ச்சி, மென்மை, கறையும் இல்லை.

சாப்பாடு அல்லாத ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தைப்பவர்களும் பூக்கட்டுபவர்களும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார்கள். கையருகே ஒரு சின்னக் கத்தரி வைத்துக்கொள்ளுங்கள். பேனா மூடி, பால் கவர், பின்னூசி எதையும் பல்லுக்குக் கொடுக்க வேண்டாம்.

மஞ்சளுக்குத் திரும்பி வருகிறேன். கறையை உண்டாக்குவது மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற நிறமி. அது தண்ணீரில் கரைய மறுக்கும், எண்ணெயில் நன்றாகக் கரையும், ரப்பருக்குள் எளிதாக இறங்கும். அதனால் வெறும் ரசத்தைவிட, எண்ணெய் மிதக்கும் மீன்குழம்பும் சால்னாவும் பிரியாணியும் வேகமாக நிறம் பிடிக்க வைக்கும். ஒளி ஊடுருவும் வளையம் போட்டிருந்தால் ஒருவேளைச் சாப்பாட்டிலேயே விளிம்பில் மஞ்சள் தெரியும். உடனே வாய் கொப்பளித்துப் பல் துலக்கினால் குறையும், முழுக்கப் போகாது. எலுமிச்சம்பழத்தையும் சோடா உப்பையும் போட்டுத் தேய்த்து எனாமலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மருத்துவரிடம் தெளிவான வளையத்துக்குப் பதிலாக வெள்ளி அல்லது சாம்பல் சாயல் உள்ள வளையம் கேட்கலாம். அதில் கறை அவ்வளவாக எடுத்துக் காட்டாது. ரப்பருக்குப் பதில் வெள்ளைப் பூச்சுப் பூசிய மெல்லிய கட்டுக் கம்பி கேட்கலாம். நாளாவட்டத்தில் பூச்சு உரியும் என்பது அதன் குறை. வளையமே தேவைப்படாமல், சின்னக் கதவு போல மூடித் திறக்கும் பிராக்கெட்டும் கிடைக்கிறது, விலை அதிகம். எதுவும் வேண்டாம் என்றால் நாளைக் கணக்குப் பார்த்துச் சாப்பிடலாம். வளையம் மாற்றப் பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். மாற்றிய முதல் சில நாட்கள் தயிர்சாதம், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், ரவா உப்புமா, கேழ்வரகுக் கூழ் என்று போனால் இரண்டு வேலை ஆகிவிடும்: இவை எதிலும் மஞ்சள் வேண்டியதில்லை, பல் வலிக்கும் அந்த நாட்களில் மெல்லவும் எளிது. பிரியாணியை மருத்துவரிடம் போவதற்கு முந்தின நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தமோ நேர்முகத்தேர்வோ வருகிறதென்றால், அதற்கு ஒருநாள் இருநாள் முன்பாக வளையம் மாற்ற நாள் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள்.

அடுத்தது வாய்ப்புண். செராமிக் பிராக்கெட் மெட்டலைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கும். உள்கன்னமும் உதடும் அதில் உராய்ந்து முதல் இரண்டு வாரம் புண்ணாகும். பிறகு அந்த இடம் பழகிவிடும். அதுவரை உதவுவது வேக்ஸ் என்ற மெழுகு. பல் மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பலர் வாங்கிவிட்டு, "ஒட்டவே மாட்டேங்குது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஈரத்தில் வைப்பதுதான் காரணம். உறுத்தும் பிராக்கெட்டை முதலில் சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். துவரம்பருப்பு அளவு மெழுகை விரல்நுனியில் உருட்டி, உடல் சூட்டில் இளகியதும் பிராக்கெட்டின் மேல் வைத்து அமுக்கித் தட்டையாக்குங்கள். சாப்பிடும் முன் எடுத்துவிட வேண்டும். தெரியாமல் விழுங்கினாலும் கெடுதல் இல்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளித்தால் புண் சீக்கிரம் ஆறும். காரம் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேச்சு மாறிவிடுமோ என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். செராமிக் கிளிப் பல்லின் வெளிப்பக்கம் இருப்பதால் நாக்குக்கு அது குறுக்கே வராது. உதடு மூடிச் சொல்லும் ப, ம எழுத்துகளில் ஓரிரு நாள் ஒரு தடிப்பு தெரியும். வீட்டில் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துப் பழகினால் சரியாகிவிடும்.

துலக்குவதில் மட்டும் சமரசமே கூடாது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படிந்து கிடந்தால் எனாமலின் சுண்ணாம்புச் சத்து அரித்து, கிளிப்பைக் கழற்றும்போது நடுவில் ஒரு சதுரமும் சுற்றிலும் வெள்ளைத் தழும்புமாகப் பல் நிற்கும். இரண்டு வருடம் பொறுத்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று அழுதவர்கள் உண்டு. மெத்தென்ற பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், கம்பிக்கு அடியில் நுழையும் இன்டர்டென்டல் பிரஷ், இந்த மூன்றும் போதும். பிரஷ்ஷைக் கம்பிக்கு மேலிருந்து சாய்த்து ஒருமுறை, கீழிருந்து சாய்த்து ஒருமுறை தேயுங்கள். உமிக்கரி, உப்புப்பொடி, வேப்பங்குச்சி வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துலக்க வேலையிடத்தில் வசதி இல்லையென்றால் பலமாகவாவது கொப்பளியுங்கள்.

பெரியவர்கள் கிளிப் போடும் முன்பே கவனிக்க வேண்டியது ஈறு. ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் கம்பி போட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையக்கூடும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில மருந்துகள், பல் நகரத் தேவையான எலும்புக் கரைதலையே தடுப்பவை.

கம்பியே வேண்டாம் என்பவர்களுக்கு அலைனர் இருக்கிறது: பல்லின் மேல் கவசமாக மாட்டிக் கழற்றும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டு. இது பிறந்ததே ஒரு பெரியவரின் அனுபவத்திலிருந்துதான். ஜியா சிஷ்டி என்ற பாகிஸ்தானிய அமெரிக்கர் பெரியவரான பிறகு கிளிப் போட்டுக்கொண்டார். அது முடிந்து ரீட்டெய்னர் என்ற பிடிப்புத் தட்டை மாட்டும்போது, இப்படிப்பட்ட தட்டுகளை வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டே பல்லை நகர்த்தலாமே என்று தோன்றியது. கெல்சி விர்த்துடன் சேர்ந்து 1997இல் நிறுவனம் தொடங்கினார். 1998இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இன்விசலைன் என்று விற்பது அதுதான். நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், ஒரு வாரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த தட்டு. சாப்பிடும்போது கழற்றிவிடலாம் என்பதால் சாம்பாருக்குத் தடை இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டு தண்ணீர் மட்டுமே குடிக்கலாம். ஒவ்வொரு டீக்கும் காபிக்கும் கழற்றி, கொப்பளித்து, மாட்ட வேண்டும். பல்லின் உள்பக்கத்தையும் மூடுவதால் த, ந, ஸ எழுத்துகள் சில நாள் குழறும். கல்யாண வீட்டுப் பந்தியில் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்தால், இலையோடு அதுவும் போய்விடும். டப்பாவை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

ஒழுங்காக மாட்டும் பொறுமை உள்ளவருக்கு அலைனர் நல்லது. நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்கு நான் செராமிக்கைத்தான் சொல்வேன், அது வாயிலேயே இருந்து தன் வேலையைச் செய்யும். எக்ஸ்ரே எடுக்காமல், மருத்துவர் நேரில் பார்க்காமல், தபாலில் வரும் அலைனர் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த முறையில் பெரிதாக வளர்ந்த ஸ்மைல்டைரக்ட்கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் வேறு மருத்துவரைத் தேட வேண்டியதாயிற்று.

எங்கே போட்டுக்கொள்வது என்று முடிவெடுக்கும்போது தூரத்தையும் கணக்கில் எடுங்கள். சிகிச்சை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடம். ஏறக்குறைய மாதம் ஒருமுறை போக வேண்டும், நடுவில் பிராக்கெட் பெயர்ந்தால் கூடுதலாக ஒரு நடை. விழுப்புரம், திண்டிவனம் இரண்டிலிருந்தும் புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். அங்கே அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திண்டிவனத்துக்காரருக்கு மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பல் மருத்துவக் கல்லூரி பக்கம். கல்லூரிகளில் செலவு குறையும், காத்திருப்பு கூடும். உள்ளூர் கிளினிக் என்றால் கேட்க வேண்டியது ஒன்று: கம்பி போடுபவர் பி.டி.எஸ். முடித்து, பல் சீரமைப்பில் மூன்று வருட எம்.டி.எஸ். படித்தவரா? சிறு ஊர்களில் அப்படிப்பட்டவர் பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்து போவார். அது தவறில்லை. அவர் வராத நாளில் கம்பி குத்தினால் யார் பார்ப்பார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ந்த பிராக்கெட் கையில் கிடைத்தால் பத்திரமாக எடுத்துப் போங்கள். விழுங்கிவிட்டால் பொதுவாக மலத்தோடு போய்விடும். இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் தாமதிக்காமல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ போக வேண்டும்.

கிளிப்பைக் கழற்றிய பிறகும் ஒரு கட்டம் இருக்கிறது, பெரியவர்கள் அதிகம் கைவிடுவது அதைத்தான். நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். முதல் சில மாதம் நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும், ஆண்டுக்கணக்கில் ரீட்டெய்னர் போட வேண்டும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டியும் விடுவார்கள். பணம் பேசும்போதே ரீட்டெய்னரின் விலையும் அதில் அடங்குமா, உடைந்தால் புதிது என்ன விலை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.